தரையில் நிற்க வைத்த கம்பு

“களி தின்னதும் எவ்வளவு உயரம் போனே?” என்று போங்கோ ஆராய்ச்சிப் பண்ணையின் டாக்டர் அயினே கேட்டபோது, அதிபோகா வாயைத் திறக்காமல் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அவர் எழுதிக்கொண்டார். தலைநகர் அக்ராவிலிருந்து இலவசமாக வந்த வெளிநாட்டு மக்காச்சோளம் மூட்டை மூட்டையாக விளைந்தது உண்மைதான். அதில் களி கிண்டித் தின்றவர்கள் மாலைவரை தரையில் கால் பாவாமல் மிதந்ததும் உண்மைதான். மிதப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் மிதப்பவன் மண்வெட்டியால் கொத்தினால் மண் அசையாது, அவன்தான் பின்னால் போவான். இரண்டு வருடம் ஊரே ஆடு கட்டும் கயிற்றால் தன்னை முளையில் கட்டிக்கொண்டு களை எடுத்தது. அந்த விதையை உருவாக்கியவர்கள் எடை போட்டுப் பார்த்தார்களே தவிர, களி கிண்டிப் பார்க்கவில்லை.

அதிபோகா பண்ணையில் களை எடுக்க வந்தவள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நாலு பேர் முன்னால் பேச்சு வராது. உள்ளூர்க் கம்பில் நல்ல கதிராகப் பொறுக்கி, பாதியைக் களியாக்கி, மக்காச்சோளக் களியோடு சேர்த்துத் தின்று பார்த்து, காலைத் தரையில் ஊன்ற வைத்த கதிரின் மீதியை மட்டும் விதைத்தாள். ஐந்து வருடத்தில் பன்னிரண்டு வரிசை தேறியது. விளைச்சலும் மக்காச்சோளத்துக்குச் சளைக்கவில்லை.

அந்த வரிசைகளை உழுதுபோட உத்தரவோடு வந்தார் அக்ரா அதிகாரி குவார்ட்டி. விருந்தாளிக்கென்று வாசலில் நீட்டிய கம்பு மாவுத் தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

“இந்தக் கம்புக்கு யாருய்யா சர்டிபிகேட் கொடுத்தது?”

“இந்தப் பொண்ணோட வயிறு சார்,” என்றார் அயினே.

“சுத்தப் பட்டிக்காடு! கொண்டாங்க அந்த மக்காச்சோளக் களிய. நானே தின்னு காட்டிட்டுக் கையெழுத்துப் போடுறேன்.”

“கம்பங்களியும் ஒரு வாய் சேர்த்துக்கங்க சார், கால் நிக்கும்,” என்றாள் அதிபோகா. அவள் குரலை ஊர் கேட்டது அன்றுதான்.

“எனக்கு நீ சொல்றியா?” என்று வீம்புக்கு ஐந்து உருண்டை தின்றார் குவார்ட்டி. பேனாவைத் திறந்தபோது கூரை உயரத்தில் இருந்தார். கையெழுத்தில்லாத உத்தரவு கீழே விழுந்தது. அதிபோகா அதில் கம்பு விதையைப் பொட்டலம் கட்டினாள்.

போங்கோவில் எந்த விருந்தாளியும் வீட்டுக்காரரிடம் வழி கேட்காமல், அதாவது போய்வர அனுமதி கேட்காமல், கிளம்புவதில்லை. எல்லாரும் அண்ணாந்து காத்திருந்தார்கள்.

“கேப்பாரா அக்கா?” என்றாள் அதிபோகா.

“கேக்காம? படிச்சவராச்சே,” என்றாள் பிட்டோ என்ற தானியக் கள் விற்பவள்.

குவார்ட்டி பாவோபாப் மரத்தைத் தாண்டி, வழி கேட்காமலே தெற்கே, அக்ரா பக்கம் போய்விட்டார்.