விரல்நுனிக் கட்சி

கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு நூலில் நகவெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. வார்டு சிஸ்டர் அதைக் காட்டினார்.

"வெட்டிட்டு உள்ள வாங்க."

சின்னவள் தன் வலது கையைப் பார்த்தாள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். நான்கிலும் நகம் விரல்நுனியைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் நின்றது. வாரம் மூன்று முறை உப்புத்தாளால் தேய்த்து, வளைவு கெடாமல் காத்துவந்த நகங்கள்.

"ஏம்மா, ஒரு கையில மட்டும் எதுக்கு? இது கையா, மண்வெட்டியா?"

"கிட்டார் வாசிக்கிறேன் சிஸ்டர். இடது கை தந்திய அழுத்தணும், அதனால அதுல நகம் இருக்கக் கூடாது. இந்தக் கை மீட்டணும், அதனால..."

"எதை வேணா மீட்டுங்க. உள்ள இருக்கிற குழந்தை ஒரு கிலோ அறுநூறு கிராம். வெங்காயத் தோல் மாதிரி தோலு. நகத்தோட இந்த வாசலத் தாண்ட முடியாது."

அக்காவின் மகள் ஏழு வாரம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள். ஆபத்து ஒன்றுமில்லை, எடை மட்டும் ஏற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு யாராவது தினமும் நாலு மணி நேரம் குழந்தையை வெறும் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அக்காவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல். அத்தானுக்கு இருமல். அம்மா அக்காவின் கட்டிலை விட்டு நகர முடியாது. மிச்சம் இருந்தது சித்தியான இவள் ஒருத்திதான்.

நகவெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் ஒரு கணக்குப் போட்டாள். நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளரும். கச்சேரிக்கு இன்னும் ஒன்பது நாள்.

அது ஏழு பேர் சேர்ந்து நடத்தும் கச்சேரி. ஞாயிறுதோறும் ஒரு தையல்கடை மாடியில் கூடிக் கிட்டார் வாசிப்பவர்கள். கடைக்காரரான டெய்லரும் அந்த ஏழு பேரில் ஒருவர். வருடத்துக்கு ஒரு முறை நாற்காலி போட்டு ஆட்களைக் கூப்பிடுவார்கள். இந்த வருடம் ஐந்நூறு வருட இசையை வரிசையாக வாசிப்பதாக ஏற்பாடு. கிட்டாருக்கு மூத்த உறவான பழைய வாத்தியத்துக்கு எழுதியது முதலில்; பிறகு ஐந்து ஜோடித் தந்தி இருந்த காலம்; பிறகு ஆறு ஒற்றைத் தந்தி வந்த காலம்; இப்படியே நம் காலம் வரை. அதில் சின்னவளுக்குக் கிடைத்தது நூறு வருடத்துக்கும் மேல் பழைய, 'ட்ரெமோலோ' என்கிற ஒரு நடுங்கிசை. கட்டை விரல் தடித்த தந்திகளில் நடக்க, மற்ற மூன்று விரல்களும் ஒரே சுரத்தை மாறி மாறி மீட்ட வேண்டும். சரியாக வந்தால் தூறல்போல் விடாமல் கேட்கும். சரியாக வர அவளுக்கு மூன்று வருடம் ஆயிற்று. வெளி ஆட்கள் எதிரே இதுவரை அவள் வாசித்ததே இல்லை.

டக், டக், டக், டக்.

"உப்புத்தாளும் போட்டுத் தேய்க்கணுமா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"சோப்புப் போட்டாப் போதும்."

குழந்தை அவள் நெஞ்சில் ஒரு பூனை கனம்கூட இல்லை. சின்னவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விரல்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் வலது கையை அந்த முதுகின் மேல் வைத்தாள். அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, மூச்சு உள்ளே போவதும் வருவதும் விரல்நுனியில் தனித்தனியாகப் படுகிறது. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது அழுதாள். குழந்தைமேல் கோபமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை. அப்படியானால் யார்மேல்?

மறுநாள் வார்டு முடிந்து வேலைக்குப் போனாள். குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் அவள் வலது கைக்கு எப்போதும் இரண்டு கையுறை போடுவாள். ஒன்று போட்டால் நகம் கிழித்துவிடும். அன்று பழக்கத்தில் இரண்டு எடுத்து, ஒன்றைத் திருப்பிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அப்பாடா, அரசாங்கத்துக்கு ஒரு கையுறை லாபம்" என்றார் மேலாளர்.

நகம் வெட்டியதை அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அத்தானுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் இருமிக்கொண்டே இரண்டு டப்பா மேசைப்பந்துகளோடு வந்து நின்றார்.

"வலைத்தளத்துல பாத்தேன் சின்னு. நகம் உடைஞ்சா கிட்டார்க்காரங்க மேசைப்பந்த வெட்டித்தான் ஒட்டிக்குவாங்களாம்."

"ஆறு பந்து எதுக்கு அத்தான்? நாலு விரல்தான இருக்கு."

"மூணு மூணாத்தான் விப்பானாம். ரெண்டு டப்பா வாங்கினேன். மிச்சத்துல விளையாடலாம்."

இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் பந்தைப் பிறை பிறையாக வெட்டினார்கள். அத்தான் பசையை ஊதிக் காயவைத்தார். ஒட்டிய நகங்கள் பொம்மைக் கைபோல் இருந்தாலும் ஓசை வந்தது. தூறல் திரும்பிவிட்டது. சின்னவள் அத்தானைக் கட்டிக்கொள்ளாத குறை.

மறுநாள் காலை வார்டுக்குப் போகுமுன் அதைப் பிய்க்க வேண்டியிருந்தது. பசையோடு சொந்த நகத்தின் மேல்தோலும் உரிந்து வந்தது. மாலை மறுபடி ஒட்டினாள். காலையில் மறுபடி பிய்த்தாள். விரல்நுனிகள் சிவந்து எரிந்தன. வார்டு சிஸ்டர் கையைத் திருப்பிப் பார்த்துக் களிம்பு தடவிவிட்டார்.

வியாழக்கிழமை ஒத்திகை. தையல்கடை மாடியில் சின்னவள் நடுங்கிசையை ஆரம்பித்தாள். பதினாறாவது வரியில் மோதிர விரலிலிருந்து ஏதோ பறந்தது. அது போய் டெய்லரின் டீயில் விழுந்தது.

"டீயில பல்லு கிடக்குது!" என்றார் டெய்லர்.

"பல்லுன்னா எங்கிட்ட குடுங்க" என்று எழுந்து வந்தார் குழுவில் இன்னொருவரான பல் டாக்டரம்மா. கரண்டியால் அதை வெளியே எடுத்தார். "பல்லுக்கு மூடி போடறதே எனக்குப் பாதி நாள் நிக்கறதில்ல. நகத்துக்கு யாருடி போட்டது?"

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து, பல்லைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"காலையில பிய்க்கிறே, சாயந்தரம் ஒட்டறே. ஞாயித்துக்கிழமைக்குள்ள விரலே இருக்காது. நடுங்கிசைய விட்டுடு."

"அப்ப நான் வாசிக்கலையா டாக்டர்?"

"என்னோடத வாசி."

பல் டாக்டரின் பங்கு இருநூறு வருடம் பழைய ஒரு பயிற்சிப் பாட்டு. ஒரே கிட்டாரில் இரண்டு குரல் பேசிக்கொள்வதுபோல் போகும். சின்னவள் அதை முதல் வருடமே கற்று, சுலபமானது என்று தூக்கிப் போட்டிருந்தாள். அது மட்டுமல்ல. டாக்டருக்குத் தொழில் காரணமாக நகமே கிடையாது. அவர் வாசிக்கும்போதெல்லாம் பஞ்சை உதைத்த மாதிரி இருக்கிறது என்று சின்னவள் மனதுக்குள் நினைத்ததுண்டு. இப்போது அதை நினைத்ததும் காது சூடாயிற்று.

"இத எழுதினவரு நகமில்லாமதான் வாசிச்சாரு, தெரியுமா? அந்தக் காலத்துல ரெண்டு கட்சி. நகக் கட்சி, விரல்நுனிக் கட்சி. இவரு விரல்நுனி. இவரோட சிநேகிதர் ஒருத்தர் நகம். கட்சி வேறன்னாலும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து வாசிச்சிருக்காங்க."

"அப்ப நீங்க?"

"நான் அடுத்த வருஷம் வாசிச்சுக்கறேன். யாராவது ஒருத்தர் மின்விசிறி சுவிட்சுக்கிட்ட நிக்கணும். நகமில்லாத சத்தத்த விசிறி தின்னுடும்."

மூன்று நாள். சின்னவள் அந்தச் சுலபமான பாட்டோடு மல்லுக்கு நின்றாள். நகம் இருந்தபோது தந்தியைத் தொட்டவுடன் ஓசை வந்துவிடும். தந்தி எப்படி இருக்கிறதென்றே அவளுக்குத் தெரிந்ததில்லை. இப்போது முதலில் தந்தி விரலில் படுகிறது, விரல் அழுந்துகிறது, அதற்குப் பிறகுதான் ஓசை. அந்த இடைவெளியில் மெதுவாகவும் விடலாம், கொஞ்சம் பிடித்தும் விடலாம். காலையில் ஒரு முதுகின் மேல் நாலு மணி நேரம் வைத்திருந்த விரல்கள் அவை. அவசரப்படத் தெரியாமல் இருந்தன.

சனிக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல் விட்டது. குழந்தையைப் பார்க்க வந்தவள் தங்கையின் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"அடிப்பாவி! நகம் எங்கடி?"

"வளரும்க்கா."

"நாளைக்குத்தான கச்சேரி? ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? உன் நகத்த வெட்டிக் குடுத்திருப்பியா?"

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத, வலிக்குது" என்றாள்.

ஞாயிறு மாலை ஐந்து மணி. மாடியில் நாற்பது நாற்காலி, இரண்டு மின்விசிறி, வெக்கை. வாசிக்குமுன் ஒவ்வொருவரும் பாட்டைப் பற்றி இரண்டே வாக்கியம் சொல்ல வேண்டும் என்பது குழுவின் விதி. முன்பு ஒரு வருடம் டெய்லர் தந்தியின் வரலாற்றை முக்கால் மணி நேரம் சொன்ன பிறகு வந்த விதி அது. சின்னவளுக்கு வாசிப்பதைவிட இதுதான் பயம். நடுங்கிசைக்கு மனப்பாடம் செய்த இரண்டு வாக்கியங்கள் இப்போது உதவாது.

மின்விசிறிகள் நின்றன. சுவிட்சருகே பல் டாக்டர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"இத எழுதினவரு நகமில்லாம வாசிச்சவரு" என்றாள் சின்னவள். தரையைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கும் இப்ப நகமில்ல, ஏன்னா ஒன்பது நாளா என் நெஞ்சுல ஒரு பொண்ணு தூங்கறா."

இரண்டு முடிந்தது. ஆனால் அவள் வாசிக்க ஆரம்பிக்கவில்லை. நிமிர்ந்து சுவிட்சுப் பக்கம் பார்த்தாள்.

"இது மூணாவது வாக்கியம், மன்னிக்கணும். அவளுக்கும், இந்தப் பாட்ட எனக்குக் குடுத்துட்டு அங்க நிக்கறவங்களுக்கும் நன்றி."

பிறகு வாசித்தாள். ஓசை முன்வரிசையோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தாள். ஆனால் பின்வரிசை நாற்காலிகள் ஒவ்வொன்றாக முன்னால் சாய்ந்தன. நடுவில் ஒரு சுரம் தப்பியது. அது தப்பியதை அவள் கேட்டாள், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். மேல் குரல் கேட்டது, கீழ்க் குரல் பதில் சொன்னது. கடைசிச் சுரம் தந்தியில் அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

விசிறி சுழன்றால்தான் பாட்டு முடிந்தது என்பதுபோல் கை தட்டாமல் காத்திருந்தார்கள். எல்லார் நெற்றியிலும் வியர்வை. டாக்டர் சுவிட்சை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா," என்றார் டெய்லர் தொண்டையைச் செருமி, "விசிறியப் போடுங்கம்மா, கை தட்டணும்ல?"