வாத்தியார் சட்டத்தை மீறவில்லை

எண்பத்தொன்றாம் வருஷம், பிப்ரவரி. திருத்தணி மலையடிவாரத்தில் கல்யாண மாலை கட்டிப் பிழைக்கும் காஞ்சனாவின் வீட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், அதே தெருவிலிருக்கும் கோதண்டம் வாத்தியார். அரசாங்கத்தின் சமர்த்து அப்படி. ஊர் ரகசியத்தைக் கேட்க ஊர்க்காரரையே அனுப்பும்.

வயது, படிப்பு, தொழில் எல்லாம் மளமளவென்று எழுதியவர், புருஷன் விஷயத்துக்கு வந்ததும் அவள் தயங்குவதைப் பார்த்தார். அவன் சூரத்தில் தறி ஓட்டுவதாகத்தான் ஊருக்குச் சொல்லிவைத்திருந்தாள்.

"உண்மையச் சொல்லும்மா. இது வெளிய போவாது. கோர்ட்டே கேட்டாலும் காட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குது."

சூரத்திலிருந்து வந்து இரண்டு வருஷமாகப் பெட்டிக்கடியில் கிடந்த கடிதாசு அவள் தொண்டைக்கு வந்துவிட்டது.

"அவரு செத்துட்டாருங்க."

வாத்தியார் அவள் நெற்றிப் பொட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து எழுதிக்கொண்டார்.

அவளும்தான் வேறென்ன செய்வாள்? தாலியறுத்தவள் கட்டிய மாலையை எந்தக் கல்யாண வீட்டில் வாங்குவார்கள்? தெரிந்த அன்றைக்கே துளசிங்கம் தன் பூக்கடையிலிருந்து அவளை நிறுத்திவிடுவார். அப்புறம் வயிற்றில் ஈரத்துணிதான். அதனால் செத்தவனுக்காக வாய்விட்டு ஒருநாள்கூட அவள் அழுததில்லை. பக்கத்து வீட்டுக்கும் அவளுக்கும் ஒரே சுவர்.

சொன்ன பிறகு மனசு லேசாகத்தான் இருந்தது. சரிபார்க்க மார்ச்சில் மறுபடி வருவேன் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். எப்படிப் போனான், யார் கொள்ளி வைத்தார்கள் என்று கேட்பார், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று பைத்தியக்காரி நாளெண்ணிக்கொண்டிருந்தாள்.

வந்தார். வாசலிலேயே நின்றபடி, புதிதாகப் பிறப்பு இறப்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். உட்காரச் சொல்வதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுவாரம் கடையில் துளசிங்கம் அவளைக் கூப்பிட்டார். வாத்தியார் மகள் கல்யாணத்துக்குச் சொல்லிவைத்திருந்த மாலை வேண்டாமாம்.

"சம்பந்தி வீட்டுல அரக்கோணத்துலருந்து எடுத்துகினு வராங்களாம். உனக்கும் அவருக்கும் எதுனா மனஸ்தாபமாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க," என்றாள்.

துளசிங்கத்துக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. வாத்தியார் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், மகராசன்.

காஞ்சனா வாழைநாரை நனைத்து அடுத்த மாலையை எடுத்தாள். அவர் ஊரெல்லாம் தமுக்கடித்திருந்தால் பிழைப்புப் போயிருக்கும், வாஸ்தவம்தான். ஆனால் நாலு பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள்.