மேஸ்திரியின் கைகள்

மூன்றாவது ஆளைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது போதகரின் இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த ஆள் லாரி டயர், போதகரோ ஒட்டடைக்குச்சி. கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அடுத்து ஞானஸ்நானம் பெற வேண்டியவள் அவள். வெள்ளை அங்கியோடு தொட்டிப் படியில் நின்றாள்.

“மிச்சப் பேருக்கு நம்ம மூப்பர் குடுப்பார்,” என்றார் போதகர், பல்லைக் கடித்துக்கொண்டு.

சபை மூப்பர் வேறு யாருமில்லை, கட்டட மேஸ்திரிதான். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவர் தொட்டிக்குள் இறங்கியதும் அவள் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். அவள் தம்பி நின்று பூச்சு வேலை பார்த்த சாரத்தைக் கட்டிய கைகள். கயிறு அவிழ்ந்தது, நாலாம் மாடியிலிருந்து விழுந்து செத்தான். விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். அவள் மூடவில்லை. வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள். படித்த வாய் சும்மா இருக்குமா? அடக்கத்தன்றே ஊர் கேட்க அவரைக் கொலைகாரன் என்றாள். அப்புறம் அவரோடு பேச்சே இல்லை.

அம்மா துண்டோடு குனிந்தாள். “என்னடி, நட்டு வச்ச கம்பம் மாதிரி நிக்கிற?”

“இந்த ஆள் கையில நான் முங்க மாட்டேம்மா. எனக்கு நீச்சல் தெரியாது. தூக்காம விட்டுட்டா?”

“இப்பத்தானே மைக்கைப் பிடிச்சு சாட்சி சொன்ன, என் தீர்ப்பெல்லாம் ஆண்டவர் கையில குடுத்துட்டேன்னு? எச்சில் காயறதுக்குள்ள திருப்பிக் கேக்கறியா?”

“இவரைத் தவிரன்னு நினைச்சுத்தான் சொன்னேன்.”

“ஆண்டவர்கிட்டயே பேரமா! எனக்கும்தான் இவரைப் பாத்தா வயிறு எரியுது. பெத்தவடி நான். எரியட்டும். நியாயம் தீர்க்கிறது நம்ம வேலை இல்ல. இறங்கு.”

இறங்கினாள். தண்ணீர் நெஞ்சுவரை ஏறியது. மேஸ்திரியின் ஒரு கை முதுகுக்கு வந்தது. சபை பாடிக்கொண்டிருந்த சத்தத்துக்குள், அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்: “அந்தக் கயித்தைச் சரிபாத்தீங்களா, இல்லையா?”

மேஸ்திரியின் முகம் வெளுத்தது. “பாத்தேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

“எனக்குச் சொல்லுங்க.”

“தெரியலம்மா. தினமும் பாக்கிற கயிறு. அன்னிக்குப் பாத்தேனா, இல்ல முந்தின நாள் பாத்ததைத்தான் நினைச்சுக்கிறேனா... பிடிபட மாட்டேங்குது. ஆண்டவருக்குத்தான் தெரியும். அதுதான் எனக்கு உதறுது.”

பொய் சொன்னால் ஒரு பதில் வைத்திருந்தாள். ஒப்புக்கொண்டால் இன்னொரு பதில். இதற்கு ஒன்றுமில்லை. கயிறு கட்டியவனுக்கே தெரியாதது இவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? தெரிந்தவர் ஆண்டவர் ஒருவரே. அவர் இவளிடம் யோசனை கேட்கவில்லை. அதை நினைத்ததும் ஆறுதல் வரவில்லை, பயம்தான் கூடியது. கயிற்றைப் பார்த்திருந்தவர் இத்தனை காலமும் இவள் நெஞ்சையும் பார்த்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்!

“தைரியமா, மகளே!” என்று நாற்காலியிலிருந்து போதகர் கத்தினார். இடுப்பு போனவர் தைரியம் சொல்கிறார்.

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். “உங்களை நான் இன்னும் மன்னிக்கல. ஆனா தீர்ப்பு இனி என்கிட்ட இல்ல. ரெண்டு கையாலயும் பிடிங்க.”

“பிடிச்சிருக்கேம்மா.”

பின்னால் சாய்ந்தாள். தண்ணீர் முகத்தை மூடியது. பாட்டுச் சத்தம் அறுந்தது. முதுகுக்குக் கீழே இரண்டு கைகளும் வெடவெடவென்று நடுங்கின. உதைத்துக்கொண்டு எழ உடம்பு துடித்தது. எழவில்லை. அவை தூக்கும்வரை அப்படியே கிடந்தாள்.