நன்னிலத்துச் சந்தையின் எல்லை

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. நன்னிலம் கடைத்தெருவில் நுஸைபாவின் மளிகைக் கடையில் பருப்புக்காக நின்றிருந்தேன். விசாரணைக்கு வந்த கவிப்ரியா என்ற அதிகாரி அவளிடம் கேட்டார்: "மொத்த விலையை நூத்துக்கு அஞ்சு ஏத்திட்டா வேற எங்க போய் வாங்குவீங்க?"

குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள் நான். இந்தக் கேள்வியில் காதல் எங்கே இருக்கிறது என்றால்… (இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது.)

2

[கதைக்குள் விளக்கம் கூடாது என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.] ஊருக்குச் சரக்கு போடும் இரண்டு மொத்த வியாபாரக் கம்பெனிகள் ஒன்றாகச் சேர அனுமதி கேட்டிருந்தன. அனுமதி தருமுன் கவிப்ரியா முதலில் சந்தை எதுவரை என்று வரையறுக்க வேண்டுமாம். டெல்டா முழுவதும் ஒரே சந்தை என்றால் அவை பலவற்றில் இரண்டு, சேரலாம். நன்னிலம் மட்டும்தான் என்றால், சேர்ந்தபின் அவர்களை விட்டால் ஆளில்லை. சரக்குக்காகக் கடைக்காரர் எவ்வளவு தூரம் போவாரோ, அதுவே எல்லை.

நுஸைபாவால் எங்கும் போக முடியாது. கடையின் பின்கட்டில் மாமி, கணவரின் அம்மா, படுத்த படுக்கை. கணவர் சித்தீக் ஷார்ஜாவில். வரும் பெருநாளுக்கு ஊர் திரும்பி, இனி கடையிலேயே உட்காருவதாகச் சொல்லியிருந்தார்.

3

அந்தக் கம்பெனிகளில் ஒன்றுக்கு ஆர்டர் எடுக்கும் துரைராசு அப்போது அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். விற்கிறவர் காதுபட, உங்களை விட்டால் கதியில்லை என்று எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். மறுநாளே விலை ஏறும்.

"எனக்கென்னங்க? நாகூர்ல போடுவாங்க, வலங்கைமான்ல போடுவாங்க. சரக்குக்கா பஞ்சம்?" என்றாள் நுஸைபா.

"அக்கா எப்ப வேணாலும் நம்மளக் கழட்டி விட்டுருவாங்க" என்று துரைராசு சிரித்தார்.

முதல் பிரதியில் கவிப்ரியாவை அவசரக்காரியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பொறுமையாக மறுபடியும் கேட்டார். அதே பதில். தெரு முழுக்க அதே பதில்தான்.

[அடித்த வரி: நுஸைபா அவரைத் தனியே அழைத்து உண்மையை— இல்லை. அழைக்கவில்லை.]

4

அந்தப் பதில்களை வைத்து, சந்தை டெல்டா முழுவதும் என்று முடிவாயிற்று. கம்பெனிகள் சேர்ந்தன. தினமும் வந்த வேன் வாரம் ஒருமுறை வருகிறது. பெட்டி பெட்டியாக எடுத்தால்தான் சரக்கு. நுஸைபாவின் அலமாரி பாதி காலி.

முடிவு ஒன்று: சித்தீக் வந்துவிடுகிறார். (வந்து எந்தக் கடையில் உட்கார?)

முடிவு இரண்டு: கிழித்துவிட்டேன்.

மிஞ்சியது இதுதான். சித்தீக் போனில் கேட்கிறார். "கடை இப்படிக் கிடக்கு. இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வரவா? இல்ல, வந்துடவா? நீ சொல்லு."

எல்லாரும் பேச வேண்டுமென்று போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். அவர் காதுபட நுஸைபா ஒருநாளும் கலங்கியதில்லை.

"எனக்கென்னங்க—"

இதற்குமேல் நான் எழுதினால் சித்தீக் வரமாட்டார். பேனாவை மூடிவிட்டேன். மீதியை நீங்கள் எழுதுங்கள். முதலில் மாமியைத் தூங்க வையுங்கள்.