இரவல் விரல்

தலைவருக்கு நிமோனியா வராது. வந்தாலும் அவரிடம் அனுமதி கேட்டுத்தான் வரும். இது அவருடைய சொந்தக் கருத்து. ஐந்து மாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர் அல்லவா! கட்டின மனைவிகூட மனதுக்குள் அவரைத் ‘தலைவர்’ என்றுதான் சொல்லிக்கொள்வாள். வெளியே ‘ஏங்க.’

ஊரெங்கும் தொற்று பரவத் தொடங்கியபோது, மூன்றாம் மாடித் தையல்காரர் மாடிப்படியில் இருமினார் என்பதற்காக அவர் வாசலைத் தகரம் வைத்து அடைத்தவர் இவர். “நோய் தானா வராது. ஒழுக்கம் இல்லாத வீட்டுக்குத்தான் வரும்” என்று கீழே நின்று முழங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். தண்ணீர் மோட்டார் சாவி அவரிடம் இருந்ததே, தட்டாமல் என்ன செய்வார்கள்?

அந்த ஒழுக்கமான வீட்டுக்குள் ஒரு நாள் காய்ச்சல் வந்தது. “வெயில்” என்றார் தலைவர். இருமல் வந்தது. “தூசி” என்றார். குளியலறையிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. “வயசாகுதுல்ல” என்றார். தனக்கு வயதாகிறது என்று அந்த வாய் சொன்னதே கிடையாது. அதைக் கேட்டபிறகுதான் மனைவி மகளுக்குப் போன் போட்டாள்.

வெளியூரில் இருக்கும் மகள் போனிலேயே அழுது சண்டை போட்டு, வீடியோவில் ஒரு பெண் டாக்டரைப் பிடித்துக் கொடுத்தாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: “சார், இந்தக் காய்ச்சலைவிட இது நுரையீரல்ல இறங்கி நிமோனியா ஆகுறதுதான் ஆபத்து. உள்ள குட்டிக் குட்டிக் காத்துப் பைங்க இருக்கு. அதுல காத்துக்குப் பதிலா நீர் கோத்துக்கும். பழைய கொள்ளைநோய்ங்கள்லயும் நிறைய பேரைக் கொண்டுபோனது இந்த நிமோனியாதான். சில பேருக்குக் கஷ்டமே தெரியாது, சிரிச்சுப் பேசிக்கிட்டே இருப்பாங்க. அதனால விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டரைத் தினமும் எனக்குக் காட்டுங்க. தொண்ணூத்தி மூணுக்குக் கீழ போனா ஆஸ்பத்திரிதான்.”

மறுநாள் டாக்டர் அழைக்கும் முன்னால் தலைவர் ஒத்திகை பார்த்தார். எண்பத்தெட்டு காட்டியது. கருவியை உதறினார். பேட்டரியை மாற்றினார். ஒவ்வொரு விரலாக மாட்டிப் பார்த்தார். பத்து விரலும் கட்சி மாறாமல் ஒரே பதிலைச் சொல்லின. கடைசியில் மனைவியின் விரலை இழுத்து மாட்டினார். தொண்ணூற்றேழு!

“பாத்தியா, உனக்கு மட்டும் ஒழுங்கா காட்டுது. இதையே டாக்டர்கிட்ட காட்டிருவோம்.”

“ஏங்க, என்ன விளையாட்டு இது? உசுரு விஷயங்க!”

“வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நின்னா அந்தத் தையல்காரன் என்னைப் பாத்துச் சிரிப்பான். அதுக்கு நான் செத்தே போகலாம்.”

அடப் பாவி மனுஷா, அதுதானே நடக்கப்போகிறது என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. எதிர்த்துப் பேசினால் கத்துவார், கத்தினால் இருமுவார், இருமினால் முகம் நீலம் பாரித்துப் போகிறது. அதற்குப் பயந்து வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, அவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கேமராவுக்கு ஓரமாக உட்கார்ந்து கையை நீட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர் நுரையீரலையே சட்டைக் கையில் மறைத்தார்.

“ரொம்ப நல்லாருக்கு சார்! பயப்பட ஒண்ணுமில்ல” என்றார் டாக்டர்.

“சின்ன வயசுல நீச்சல் அடிச்ச நெஞ்சும்மா இது” என்றார் தலைவர், சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை நிறுத்தி. மூச்சு அவளுடையது, ஜம்பம் அவருடையது. குடும்பம் நடந்ததே இந்தக் கணக்கில்தான் என்பதால் அவளுக்கு அது புதிதாகவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ‘இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்’ என்று நினைத்து, ஒவ்வொரு நாளும் சட்டையைப் போட்டுக்கொண்டாள். அவர் செத்துப்போனால் தன் விரல்தான் கொன்றது என்று தோன்றியது. கஞ்சி கிளறும்போதெல்லாம் அழுதாள்.

ஒரு காலையில், வழக்கம்போல் விரலை நீட்டியவள் டாக்டரின் குரல் மாறியதைக் கேட்டாள்.

“சார்! எண்பத்திநாலு காட்டுது. எப்படி இருக்கீங்க?”

தலைவர் குனிந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். அவருக்குப் பக்கத்திலேயே படுத்து, அவர் குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவளை நோய் மட்டும் விட்டுவைக்குமா?

“ஒரே ஒரு படுக்கை காலியாகியிருக்கு, உங்களுக்குப் பிடிச்சு வைக்கிறேன். ஆம்புலன்ஸ் வருது, கிளம்புங்க” என்று டாக்டர் போனை வைத்துவிட்டார்.

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு, தையல்காரர், வாசல், மானம் எல்லாம் எங்கே போயிற்றோ, செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

“படுக்கை என் பேர்லதான் இருக்கு. இப்ப போய் உண்மையைச் சொன்னா ரெண்டு பேருக்கும் இல்லாம போயிரும். நான் முன்னால போறேன். அங்கேருந்து உனக்கு... ஏற்பாடு பண்றேன்.”

அவள் அவரையே பார்த்தாள். இத்தனை நாள் இந்த மனுஷனுக்காகப் பயந்தோமே என்று நெஞ்சு எரிந்தது. சட்டையைக் கழற்றி அவர் மடியில் போட்டாள். வளையல்கள் கலகலவென்று மணிக்கட்டுக்கு இறங்கின. போனை எடுத்து டாக்டரை அழைத்து, முதல் தடவையாகத் தன் முகத்தைக் காட்டினாள்.

“டாக்டர், எண்பத்திநாலு நான்தான். தினமும் நீங்க பாத்ததும் என் விரல்தான். இவருக்கு மொத நாள்லேருந்தே எண்பத்தெட்டுதான்.”

டாக்டர் இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டார். பிறகு, “படுக்கை உங்களுக்குத்தாம்மா. அவரையும் கூட்டிட்டு வாங்க, உக்கார வச்சாவது பாக்குறோம்” என்றார்.

ஆம்புலன்ஸில் ஏறியதும் உதவியாளர் இரண்டு பேருக்கும் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, எண் குறைவாக இருந்த அவளைப் படுக்க வைத்து ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தினார். தலைவரை ஓரத்தில் உட்காரச் சொன்னார். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் தலைவரின் உதடு கறுத்துவிட்டது. அவள் பக்கம் குனிந்தார்.

“எனக்கு... மூச்சு விட முடியலம்மா.”

அவள் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

“அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லுங்க.”

தலைவர் உதவியாளர் பக்கம் திரும்பி, தன் விரலை நீட்டினார்.