சோடாவுக்கு ஒரு பொன்னாடை

எங்கள் கரையில் என்னைச் சோடா என்றுதான் கூப்பிடுவார்கள். முல்லைத்தீவில் வலை இழுத்து முடித்த களைப்புக்குப் போத்தல் சுற்றி வரும்போது, அந்த மணத்துக்கே எனக்குக் குமட்டும். ஒரு சோடாவை வைத்துக்கொண்டு தூரத்தில் குந்தியிருப்பேன். அப்படிப்பட்ட என்னைத்தான் தர்மபுரத்தில் குடிகாரன் என்று நினைத்தார்கள்.

குடித்தது என் மனைவி புனிதம். எங்கள் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, பெற்ற உடம்புக்கு நல்லது என்று அயல் மனிசி ஒருத்தி பிராண்டி கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளை தங்கவில்லை. பிராண்டி தங்கிவிட்டது. பிறகு பிராண்டி போய், கள்ளமாகக் காய்ச்சும் கசிப்பு வந்தது. தேங்காயெண்ணெய்ப் போத்தலில் ஊற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஊருக்கு எப்படியோ மறைத்தோம், மகளுக்கு மறைக்க முடியவில்லை.

மகள் கலிஸ்ராவை ஒட்டுசுட்டானில் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிள்ளை வயிற்றில். "அம்மா குடியை விட்டால்தான் பிள்ளைப்பேறுக்கு வீட்டை வருவன்" என்று சொல்லிவிட்டாள். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வராத பெண் எங்கே இருக்கிறாள்? அந்தச் சொல் புனிதத்தைச் சுட்டுவிட்டது. "எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. தெரிஞ்ச சனம் இல்லாத இடமாய்ப் பாருங்கோ" என்றாள். தர்மபுரத்தில் ஒரு முன்பள்ளியில் சனிக்கிழமைகளில் குடியை விடுபவர்கள் கூடுகிறார்கள் என்று கிளினிக்கில் ஒரு நேர்ஸ்பிள்ளை சொல்லியிருந்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கித் தேத்தண்ணிக் கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குடியை விடுற கூட்டமே? நல்ல முடிவு, அண்ணை." பிறகு புனிதத்தின் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்கள் பட்ட பாடெல்லாம் இனித் தீரும்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். புனிதம் பின்னால் நின்று என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். மூடிக்கொண்டேன்.

முன்பள்ளியில் குழந்தைகளின் சின்னக் கதிரைகளை வட்டமாகப் போட்டு, முழங்கால் நாடியில் இடிக்க ஆண்கள் இருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் பரமேஸ்வரன். குடியால் பஸ் ஓட்டும் வேலையை இழந்து, பிறகு மீண்டு வந்தவர். "நீங்கள் இதில இருங்கோ. மனிசி அங்கால பாயில இருக்கட்டும்" என்றார். பாயில் ஏற்கெனவே நாலைந்து மனைவிமார் இருந்தார்கள். பெண்ணும் குடிப்பாள் என்ற எண்ணமே அங்கே ஒருவருக்கும் வரவில்லை.

என் முறை வந்தது. புனிதத்தைப் பார்த்தேன். அவள் பாயின் ஓலையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். அவளாக எழும்பிச் சொல்லவே மாட்டாள். யாராவது சொன்னால்தானே அவளுடைய காதில் ஒரு வழி விழும்?

"நான் கிறிஸ்தோப்பர். நான் குடிக்கிறனான்" என்றேன். அரிசிப் பானையைச் சொன்னேன். விடியக் கை நடுங்குவதைச் சொன்னேன். மகள் சொன்னதைச் சொல்லும்போது உண்மையாகவே அழுதுவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். பாயிலிருந்த பெண்கள் புனிதத்தின் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

திரும்பும் பஸ்ஸில், "இனித் தொடமாட்டன்" என்றாள். ஒரு கிழமை தொடவில்லை. பிறகு தொட்டாள்.

சனிக்கிழமைதோறும் நான் குடிக்காமல் இருந்ததற்கு எனக்குக் கைதட்டல் கிடைத்தது. பிறந்ததிலிருந்து குடிக்காதவனுக்கு! சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எனக்கு வரவில்லை.

மூன்றாம் மாதம் எனக்குப் பொன்னாடை போர்த்துவதென்று தீர்மானித்தார்கள். எங்கள் சனத்துக்குப் பொன்னாடை இல்லாமல் ஒரு காரியமும் முடியாது.

"மனிசியே போர்த்தட்டும். அவாதானே கஷ்டப்பட்டவா" என்றார் பரமேஸ்வரன்.

புனிதம் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தாள். கிட்ட வரவரக் கசிப்பு மணத்தது. பக்கத்தில் நின்ற பரமேஸ்வரனுக்கு அது என்ன மணம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. என் வாயைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் பொன்னாடையை என் தோளில் போட்டாள். கை நடுங்கியதில் அது ஒரு பக்கமாக வழுகி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள்.

"இந்த மனிசன் ஒருநாளும் குடிக்கேல்லை. நான்தான் குடிக்கிறனான். இவர் சொன்னதெல்லாம் என்ர கதை" என்றாள்.

பாயிலிருந்த ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மகளுக்குப் பிள்ளை பிறந்திட்டுது. எங்கட வீட்டை வரேல்லை. ஆஸ்பத்திரியில இருந்து மாமி வீட்டைதான் போனவள். நேற்றுப் பாக்கப் போனனாங்கள். இவற்ர கையில பிள்ளையைக் குடுத்தாள். நானும் கையை நீட்டினனான். 'வேண்டாம் அம்மா, உங்கட கை நடுங்குது, விழுத்திப்போடுவியள்' எண்டாள்."

அவள் இரண்டு கைகளையும் எங்களுக்கு முன்னால் நீட்டினாள். "நான் வடிவாப் பிடிச்சிருப்பன்" என்றாள். கைகள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன.

யாரும் கைதட்டவில்லை. அவளைத் தூக்கி என் கதிரையில் இருத்திவிட்டு, நான் பாயில் போய் இருந்தேன்.