விக்கல் பொருத்தம்

பாலவனத்தத்தில் நகர்ந்துவிட்ட பஸ்ஸை ஓடிப் பிடித்துத் தொற்றினார் சங்கரலிங்கம். காதில் செல்போன். போனுக்குள், மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த மகள் ப்ரியா விக்கினாள். அதே நொடியில் கடைசி சீட்டிலும் ஒரு விக்கல். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அந்த ஆளின் தோளைப் பிடித்தார்.

"ஐயா, எம்மகளைக் காப்பாத்துவீகளா?"

"மொதல்ல என்னையக் காப்பாத்துய்யா, வடை அடைச்சிருச்சு! தண்ணி இருக்கா?"

ப்ரியா மறுபடி விக்கினாள். அந்த ஆள் விக்கவில்லை. சங்கரலிங்கம் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. பொருத்தமான ஒருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றினால் பிழைப்பாள். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தடவி மரபணு பார்த்ததில் தாய்க்கும் தகப்பனுக்கும் பாதிதான் பொருந்தியது. கொடையாளர் பதிவில் இருந்த எவரும் சரிப்படவில்லை. நோயாளி விக்கும்போது கூடவே யார் விக்குகிறாரோ அவரே முழுப் பொருத்தம் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டாக்டரும் மறுக்கவில்லை, ஆளைக் கூட்டி வாருங்கள், டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொள்ளலாம் என்றார். மல்லாங்கிணற்றுக் கடையைப் பூட்டிவிட்டு சங்கரலிங்கம் மாதக்கணக்கில் அலைந்தார். திருச்சுழியில் வாரச் சந்தை முழுக்க நின்றார். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தத்தில் விக்கல் கேட்காதென்று ஆட்கள் சாப்பிட வெளியே வரும்வரை வெயிலில் காத்திருந்தார். செருப்புத் தேய்ந்தது. மகளுக்கு முடி கொட்டியது.

பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டுமென்று அழுததால் பொங்கலுக்கு அழைத்து வந்தார்கள். வாசலில் இறங்கியதும் விக்கினாள். பக்கத்து வீட்டில் பதில் விக்கல் கேட்டது. மறுபடி விக்கினாள், மறுபடி கேட்டது. அது சங்கரலிங்கத்தின் தம்பி அய்யப்பன் வீடு. தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டிய இளையவன் திருப்பூரிலிருந்து வந்து சேருமுன் மூத்தவரே வைத்துவிட்டார். அன்றோடு பேச்சு அற்றுப்போன வீடு. சங்கரலிங்கத்தின் மனைவி பாண்டீஸ்வரி எதையும் யோசிக்காமல் உள்ளே ஓடினாள். அய்யப்பன் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான்.

"எப்பப் போகணும் மதினி?"

டெஸ்டிலும் முழுப் பொருத்தம். அவன் கையிலிருந்து ரத்தத்தை ஒரு மெஷினுக்குள் ஓட்டிப் பிரித்தெடுத்து ப்ரியாவுக்கு ஏற்றினார்கள். அவளது ரத்த வகையே சித்தப்பாவுடையதாக மாறிற்று. பிள்ளை பிழைத்தாள். இரண்டு வருடம் கழித்தும் இருவரும் சேர்ந்துதான் விக்குகிறார்கள். அய்யப்பன் வீட்டில் இரண்டு செம்பில் தண்ணீர் எடுத்து ஒன்றை இங்கே கொடுத்தனுப்பும் வழக்கம் வந்துவிட்டது.

ஒருநாள் சோறு பரிமாறும்போது பாண்டீஸ்வரி பெருமூச்சு விட்டாள்.

"பக்கத்துலயே ஆள வச்சுக்கிட்டு இவுக ஊரு ஊரா அலைஞ்சாகளே, பாவம்."

சங்கரலிங்கம் அவசரமாக மோர் கேட்டார்.

ப்ரியா ரசச் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்:

"என்னைய ஆஸ்பத்திரியில சேக்குறதுக்கு முந்தி, வீட்டுல இருக்கும்போதே சித்தப்பா விக்குனது அப்பாவுக்குக் கேட்டுச்சும்மா. எனக்கும் கேட்டுச்சு. வேற ஆளு பாக்குறேன், அம்மாட்டச் சொல்லாதன்னாரு."